இறங்கும்போதுதான் முழங்கால் பேசும்!



சென்ற இதழில் எங்கள் சுவிட்சர்லாந்து பயணத்துக்கு மூட்டை கட்டிய கதையைச் சொல்லியிருந்தேன். "பனியில் விளையாடினீங்களா, ரயிலில் ஏறினீங்களா?" என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். விளையாடினோம், ஏறினோம். ஆனால் நாங்கள் போனது நடப்பதற்காக. 2023 செப்டம்பரில், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்த சந்தோஷத்தில், நானும் என் வீட்டுக்காரரும் பத்து நாள் அந்த மலைகளில் காலாற நடந்தோம். சீட்டுப் பணம், அவருடைய சேமிப்பு, என் இரண்டு வளையல் எல்லாம் சேர்ந்து உண்டான பயணம். அதனால் "ஒரு நாளும் வீணாகக் கூடாது" என்று மனசுக்குள் ஒரு பயம் எனக்கு. அந்தப் பயம்தான் என்னை மாட்டிவிட்டது!

நாங்கள் தங்கியது லாட்டர்புருன்னன் என்கிற சின்ன ஊர். இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம்தான். இரண்டு பக்கமும் மதில் எழுப்பினாற்போல் பாறை. ஊரை ஒட்டியே ஷ்டௌப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரைக்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் புகையாகப் பறந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் மொத்தம் 72 அருவி என்கிறார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை!

சமையலறையோடு ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டோம். அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எல்லாம் கொண்டு போனேன். நெய்யை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் அங்கே கொண்டு போகக் கூடாது. அங்கேயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொண்டேன். வீடே மணத்தது!

நாலாவது நாள் கேபிள் காரில் க்ரூட்ஷால்ப் என்ற இடத்துக்கு ஏறி, அங்கிருந்து முர்ரன் ஊருக்கு நடந்தோம். சுமார் நாலரை கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லாத பாதை. எதிர்ப்பக்கம் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்று மூன்று பனிமலைகள் கூடவே வருகின்றன. யுங்ஃப்ராவ் மட்டும் 4,158 மீட்டர்! ஆனால் ஒன்று கேளுங்கள். முர்ரன் இருப்பது 1,638 மீட்டர் உயரத்தில்தான். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர். என் வீட்டுக்காரரிடம் சொன்னதும், "அப்போ நாம கீழேதான் இருக்கோம்" என்று சிரித்தார்.

முர்ரனில் கார் ஓடுவதில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, சுவரோரம் அளந்து வெட்டினாற்போல் அடுக்கிய விறகு. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து கிம்மெல்வால்ட் என்ற கிராமத்துக்கு இறங்க ஆரம்பித்ததும் என் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது.

உங்களிடம் மறைப்பானேன்? அந்த வலி மலையில் வந்ததில்லை. இரண்டு வருஷமாக இருந்தது. மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு வாளியோடு இறங்கும்போது சுருக்கென்று குத்தும். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு எண்ணெய் தேய்த்துக்கொள்வேன். "என்னம்மா நொண்டறே?" என்று பையன் கேட்டால், "ஒண்ணுமில்லேடா" என்பேன். நம்மில் எத்தனை பேர் இந்த 'ஒண்ணுமில்லே'யை வைத்தே காலத்தைத் தள்ளுகிறோம்!

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டில் கால் வைத்து, வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கிம்மெல்வால்டில் ஆளே இல்லாத கடை ஒன்று உண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். அதைப் பார்க்கிற சாக்கில் நின்றேன். அவர் மஞ்சள் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து, "ஷ்டெக்கெல்பெர்க் வரைக்கும் நடந்தே இறங்கிடலாம், வா" என்றார். எட்டிப் பார்த்தேன். இன்னும் 450 மீட்டர் போல நேர் கீழே!

வயிற்றைப் பிசைந்தது. எப்படியோ வாய் திறந்தது.

"என்னங்க, என்னால முடியாது. முட்டி வலிக்குது. இன்னிக்கு இல்லே, ரெண்டு வருஷமா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "ரெண்டு வருஷமாவா? நான் திரும்பிப் பார்க்கவே இல்லையே!" என்றார்.

"கேபிள் காருக்கு வேற காசு ஆகுமேங்க..."

"காசு கிடக்குது. ஏறு முதல்ல."

கீழே போகும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாளிலிருந்து சமதரைப் பாதைகள் மட்டும். கையில் ஒரு ஊன்றுகோல். நான் முன்னால், அவர் பின்னால். இருபத்தைந்து வருஷத்தில் அது புதுசு!

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போனோம். மூட்டுத் தேய்மானம் ஆரம்பம்தான், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம் என்றார். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதோ உடம்பின் கனம் முழுவதும் முழங்காலில் விழும். அப்போது தொடைச் சதைதான் பிரேக் போல வேலை செய்ய வேண்டும். அது பலமில்லாவிட்டால் மூட்டு அடி வாங்கும் என்று விளக்கினார்.

மலைப் பக்கம் போகிற சகோதரிகளுக்குச் சில விஷயங்கள்:

* கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து பழகுங்கள். ஏற்கெனவே வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

* புது ஷூவை வீட்டிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள்.

* அங்கே பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு ஆயிற்று.

* வெறும் மஞ்சள் குறி சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் நம்மைப் போன்றவர்கள் திரும்பிவிடுவதே நல்லது.

* இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஊன்றுகோலைக் கொஞ்சம் நீட்டி முன்னால் ஊன்றுங்கள்.

* மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்துவது நான். வாளியை ஏற்றி இறக்குவது அவர். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பாதி குறைந்திருக்கிறது.

அதற்காக நீங்கள் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை, சகோதரிகளே. எங்கே வலிக்கிறதோ அதை இன்றைக்கே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழில், அந்த ஊர் வெண்ணெயை உருக்கி நான் மைசூர்பாகு கிளறப் போய், அது என்னவாயிற்று என்று சொல்கிறேன்!