சுருங்கிய இரைப்பையும் விரித்த வாழையிலையும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலை அடுத்துக் கிடக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. ஒரு கரை மீனும் இறாலும் நண்டும் தருகின்றது. மறு கரை நெல்லும் எருமைத் தயிரும் தருகின்றது. இரண்டும் ஒரே இலையிற் சந்திக்கின்ற இந்நாட்டிலே விருந்தோம்பல் செழித்து வளர்ந்ததில் வியப்பொன்றுமில்லை. விருந்தினர் இலை வெறுமையாவது வீட்டுக்கு இழுக்கு என்றே நம்மவர் கருதுவர். உண்பவர் "போதும்" என்றால், அதனை நாம் ஒரு மரியாதைச் சொல்லாகக் கொள்கிறோமேயன்றி, அதன் பொருளைக் கொள்வதில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டா மனே?" என்று கேட்கும்போதே அகப்பை இலையின்மேல் கவிழ்ந்துவிடுகின்றது.

அன்பு மிகுந்த இவ்வழக்கத்துக்கு அண்மைக் காலத்திலே ஒரு சோதனை வந்துள்ளது. உடல் நிறையைக் குறைக்கும் சத்திர சிகிச்சை இன்று கொழும்பிலும் இந்தியப் பெருநகரங்களிலும் செய்யப்படுகின்றது. அச்சிகிச்சை பெற்றவர் பந்தியில் வந்து அமர்ந்து "போதும்" என்றால், அது மரியாதைச் சொல்லன்று. உயிரைக் காக்கும் சொல். சத்திரசிகிச்சையாளரின் வேலை ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காக நடைபெறும் வேலையோ நமது குசினியிலேதான் உள்ளது. அதனைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடுவோம். "வாயைக் கட்டத் தெரியாதவர் வயிற்றை வெட்டிக்கொண்டார்" என்று ஏளனம் பேசுவோர் உளர். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் முன்னுண்டது அற்றபின் அளவறிந்து உண்ணுமாறு கூறியதை இவர்கள் துணைக்கழைப்பர். அளவறிந்து உண்ணல் நன்றே. ஆனால் உடல் பருத்தவர் ஒவ்வொருவரும் பெருந்தீனிக்காரர் என்பது பிழை. பரம்பரை, தூக்கம், மருந்துகள், உட்சுரப்புகள் ஆகிய பலவும் நிறையை ஆளுகின்றன. ஒருவர் பட்டினி கிடந்து மெலிந்தால், உடலானது பசியைக் கூட்டியும் சத்தைச் செலவிடுவதைக் குறைத்தும் பழைய நிறையை மீட்கவே முயல்கின்றது. கடுமையான பருமனோடு நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டுநோவும் கூடியவர்க்கு இச்சிகிச்சை அழகுக்காகச் செய்யப்படுவதன்று.

யாருக்கு இது உரியது? நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. 1 மீற்றர் 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 90 கிலோகிராம் இருந்தால் அவருடைய சுட்டி 35 ஆகும். 2022ஆம் ஆண்டில் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சம்மேளனமும் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, 35ஐயும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றது. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதனைக் கருதலாம் என்கின்றது. நம்மவர்க்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

இரைப்பையிற் கத்தி வைக்கும் கலை புதியதன்று. 1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வியன்னா நகரிலே தியடோர் பில்றொத் என்னும் பேராசிரியர், புற்றுநோயால் வருந்திய 43 வயதுப் பெண்ணொருவரின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியகற்றி, எஞ்சியதைக் குடலோடு இணைத்தார். அவ்வகைச் சிகிச்சை வெற்றி பெற்றது அதுவே முதன்முறை. அந்நோயாளிக்கு முதலிற் கொடுக்கப்பட்ட உணவு யாதென்று அறிந்தால் மட்டக்களப்பார் மகிழ்வர்: புளித்த பால், அதுவும் மணிக்கு ஒரு கரண்டி, பின்னர் அரைமணிக்கு ஒரு கரண்டி. பழைய நோய் மீண்டு சில திங்களிலே அப்பெண்மணி இறந்தாரெனினும், வெட்டப்பட்ட இரைப்பையோடு மனிதர் உண்டு வாழலாம் என்பது அக்கரண்டியினால் நிலைநாட்டப்பட்டது. அதன்பின், புண்ணுக்காக இரைப்பை வெட்டப்பட்டவர்கள் மெலிந்து போவதைக் கவனித்த அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் மேசன் 1966ஆம் ஆண்டில், பருமனைக் குறைப்பதற்கென்றே இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார்.

இன்று பெரிதும் செய்யப்படுவன இரண்டு. ஒன்றில், இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படும். மற்றதில், இரைப்பையின் மேற்பாகத்தில் 30 மில்லிலீற்றர் அளவான சிறு பை அமைத்து, அதனை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பர். 30 மில்லிலீற்றர் என்பது இரண்டு மேசைக்கரண்டி! கொள்ளளவு குறைவதோடு பசியும் குறைகின்றது. 1999ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கண்டறிந்த 'கிரெலின்' என்னும் பசியூக்கும் சுரப்புப் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே ஊறுகின்றது. முதல்வகைச் சிகிச்சையில் அப்பகுதியே போய்விடுகின்றது.

இனிக் குசினிக்கு வருவோம். சிகிச்சை பெற்றவர் பச்சிளங் குழந்தையைப் போலப் படிப்படியாக உண்ணப் பழகவேண்டும். முதல் ஓரிரு நாட்கள் தண்ணீரும் வடித்த சூப்பும் மிடறு மிடறாக. அடுத்த இரண்டு வாரமளவுக்கு ஆடை நீக்கிய பால், நன்றாகக் கடைந்த மோர், வடித்த பருப்புத் தண்ணீர் முதலியன. அதன்பின் இரண்டு வாரம் மசித்த உணவு: குழைந்த பருப்பு, முள் நீக்கி மசித்த அவித்த மீன், அவித்த முட்டை. பின்னர் மென்மையான உணவு. ஆறாம் எட்டாம் வாரமளவில் வழக்கமான உணவு, சிறிய அளவில். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை இக்கணக்குச் சற்று வேறுபடும். தத்தம் வைத்தியர் எழுதிக் கொடுத்த தாளே சட்டமாகும். அயலவரின் ஆலோசனை சட்டமாகாது.

இங்கேதான் நமது இலையின் ஒழுங்கே தலைகீழாகின்றது. நமக்குச் சோறு தலைவன், கறி துணைவன். இவர்களுக்கோ புரதமே தலைவன். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உடலிற் சேரவேண்டும். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. ஆகவே முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பின்னர் மரக்கறி, இடமிருந்தால் மட்டுமே சோறு. வாவி மீன் கைக்கெட்டும் தூரத்திலிருப்பது நமது பேறு. இறாலும் நண்டும் நல்ல புரதமே. ஆயினும் நார்போல இழுபடுவதால், பல வாரங்கள் கழிந்த பின்னரே, கூழாகும்வரை மென்று உண்ணத்தக்கவை. உலர்ந்த பிட்டும் பாணும் குழாயிற் கட்டியாக அடைத்துக்கொள்ளும். சொதியில் ஊறிய இடியப்பம் சிலருக்கு எளிதாக இறங்கும். ஒரு கவளத்துக்கும் மறு கவளத்துக்கும் இடையே ஆறுதலாக இருந்து, அரை மணி நேரத்தில் ஒரு சிறு கிண்ணத்தை முடிப்பதே முறை.

உண்ணும்போது நீர் அருந்தலாகாது; உண்டபின் அரைமணி நேரம் கழியவேண்டும். நாள் முழுவதுமோ ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் அருந்தவும் வேண்டும்! ஒரே மூச்சிற் செம்பைக் கவிழ்க்க இயலாதவர்க்கு இது எளிதன்று. கச்சான் காற்று வீசி நா வறளும் காலத்திலே போத்தலைக் கையோடு வைத்து, கால்மணிக்கொரு மிடறு அருந்துவதை ஒரு கடமையாகக் கொள்ளல்வேண்டும்.

தயிர் பற்றி ஒரு சொல். மட்டக்களப்பில் முட்டித் தயிரை வெறுமனே உண்பார் சிலரே. சீனியோ பாணியோ கலந்தாலன்றி நமக்குச் சுவைப்பதில்லை. சிகிச்சை பெற்றவருக்கு, சிறப்பாக மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்கு, இச்சேர்க்கை ஆகாது. இரைப்பையிற் சற்றுத் தங்கிச் செல்லவேண்டிய இனிப்பு சிறுகுடலிற் சடுதியாகக் கொட்டுவதனால், அரைமணிக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு புரட்டி, பேதியும் ஆகும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தின் பின் இரத்தத்திற் சீனி மிகவும் தாழ்ந்து மயக்கம் வரும். இனிப்பில்லாத தயிரோ நல்லுணவு. எருமைப்பாலிற் கொழுப்பு மிகுதியாதலின் அளவு சிறிதாக இருக்கட்டும்.

வாழ்நாள் முழுவதும் விடலாகாதது ஒன்றுண்டு: விற்றமின், இரும்பு, கல்சிய மாத்திரைகள். விற்றமின் பீ12 உடலிற் சேர்வதற்கு இரைப்பையின் உதவி வேண்டும். மரக்கறி மட்டும் உண்போர்க்கு இக்குறை இன்னும் விரைந்து வரும். இவற்றினும் அவசரமானது விற்றமின் பீ1. 1890களில் யாவாத் தீவிலே கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறுண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். 1929இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். அத்தவிட்டில் இருந்ததே இந்த விற்றமின். உடலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். ஆதலால் சத்திர சிகிச்சைக்குப் பின் நாட்கணக்காக வாந்தி எடுப்பவரை, "எல்லாம் பழகிவிடும்" என்று வீட்டில் வைத்திருப்பது பேராபத்து. பார்வை இரட்டித்தல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை தொடர்ந்து, மூளை நிலையாகக் கெடலாம். அவரை அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்க. சென்றதும், இன்ன சத்திர சிகிச்சை இன்ன நாளில் நடந்தது என்பதை முதலிற் கூறுக. குளுக்கோசு ஏற்றுமுன் விற்றமின் பீ1 கொடுக்கவேண்டும் என்பதை அறிந்து வைத்தியர் நடப்பதற்கு அந்த ஒரு சொல் உதவும். முதல் வாரங்களிற் காய்ச்சல், கடும் வயிற்றுநோவு, நெஞ்சுத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினாலும் பொறுத்திருத்தல் கூடாது. சிகிச்சை செய்தவர் கொழும்பிலே இருக்கிறார் என்பது தாமதத்துக்குக் காரணமாகலாகாது.

விரதம் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருந்து பழகியவர்க்கும், காத்தான்குடியில் நோன்பு நோற்கும் அன்பர்க்கும் விடை ஒன்றே: முதற் காலத்தில் அதனைத் தவிர்க்க, பின்னரும் வைத்தியரைக் கேளாமல் ஏற்காதிருக்க. நோயாளர்க்கு விலக்களிக்காத சமயம் நாமறிந்தவரையில் இங்கு இல்லை.

உடலைக் காட்டிலும் உள்ளம் படும் பாடு பெரிது. மூன்று திங்கள் முதல் ஆறு திங்கள் வரை தலைமயிர் உதிரும். அது பெரும்பாலும் மீண்டும் வளரும். முகம் ஒடுங்கும்; சட்டை தொளதொளக்கும். ஓராண்டளவில் மொத்த நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைவது வழக்கம். அயலவரோ, "என்ன வருத்தம்? சீனி கூடிவிட்டதா?" என்று இரக்கத்தோடு விசாரிப்பர். பருத்திருந்தபோது ஏளனம், மெலிந்தபோது ஐயம். இவ்விரண்டுக்கும் அஞ்சிச் சிகிச்சையையே மறைப்பவர் பலர். மறைத்தவர் கலியாண வீட்டிலும் கோயிற் சடங்கிலும் எதைச் சொல்லி மறுப்பார்? மறுக்க மாட்டாமல் உண்டு, பின்வளவிற் சென்று வாந்தி எடுப்பார். நமது உபசாரம் அவருக்குத் தண்டனையாகிவிடுகின்றது.

நாம் அறிந்த ஒரு வீட்டிலே, மகளுக்கு இச்சிகிச்சை நடந்தபோது தாயார் மிகவும் கலங்கினார். ஊட்டி வளர்த்த கைக்கு, இரண்டு கரண்டிக்குமேல் வைக்கக்கூடாது என்றால் மனம் ஒப்புமா? சில நாள் அவர் பெண்ணுக்குத் தெரியாமற் கஞ்சியைச் சற்றுக் கூட்டியே வைத்தார். பெண் அதனை வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு தாயார் தாமாகவே ஒரு வழி கண்டார். பெரிய கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, தேநீர்ப் பீரிசிலே மகளுக்குப் பரிமாறினார். தாமும் அருகிருந்து அதே அரைமணி நேரம் மெல்ல உண்டார். கோப்பையிற் குறைந்தது கூட்டிருப்பில் நிறைந்தது. தம்முடைய சீனி வருத்தமும் முன்னிலும் கட்டுப்பட்டிருப்பதாக இப்போது அத்தாயார் கூறுகின்றார்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று கூறவேண்டும். வகுப்பிலே பருத்த தோழனுக்குப் பட்டப்பெயர் வைப்பது விளையாட்டன்று. அவமானத்தால் எவரும் மெலிந்ததில்லை. ஒளித்திருந்து உண்ணப் பழகியவரே பலர். இரைப்பையைப் பற்றி விஞ்ஞான பாடத்திற் கற்பது பரீட்சைக்கு மட்டுமன்று, அடுத்தவர் துன்பத்தை விளங்கிக்கொள்வதற்குமாகும்.

சத்திர சிகிச்சை ஒரு கருவியே. ஓரிரண்டு ஆண்டு சென்றபின் பழைய நொறுக்குத்தீனியும் இனிப்புப் பானமும் திரும்பினால், நிறையும் ஓரளவு திரும்பும். அதனைத் தடுப்பன நடையும், நேரந்தவறா உணவும், ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையும், வீட்டாரின் ஒத்துழைப்புமே. ஆகவே அடுத்த பந்தியில் ஒருவர் கையை இலைமேல் மறித்து "போதும்" என்று சொன்னால், காரணம் கேளாதீர்கள், அகப்பையை மீட்டுக்கொள்ளுங்கள். அருகில் அமர்ந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். வந்தவர் வயிறறிந்து இடுவதும் விருந்தோம்பலே.