பிளாஸ்மா தேடி அலைந்தோமே, அதற்கு ஆதாரம் இருந்ததா?

2021 ஏப்ரலில் நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க 'அவசரம், பி பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை'தான். 'கொடுத்தாங்க, பிழைச்சுட்டார்' என்பதே பலருக்கும் ஆதாரம். சரி, கொடுக்காதவங்க என்ன ஆனாங்க?

இதைத்தான் ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில், மிதமான கொரோனா பாதிப்புள்ள 464 பேரிடம் சோதித்தது. குலுக்கல் முறையில் சுமார் பாதிப் பேருக்கு மட்டும் வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மா. 28 நாளில் நோய் தீவிரமானவர்கள் அல்லது இறந்தவர்கள்: பிளாஸ்மா பெற்றவர்களில் 19%, பெறாதவர்களில் 18%. அதாவது, பலன் இல்லை.

இந்த முடிவு வெளியானது 2020 அக்டோபரில். சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியதோ 2021 மே மாதம்! குடும்பங்கள் பதறியது நியாயம். சொந்த ஆய்வின் முடிவு கையில் இருந்தும் ஏழு மாதம் நெறிமுறையை மாற்றாததற்கு அந்தப் பதற்றத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.