கேரியர் இல்லாத சைக்கிள்



அண்மையில் ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் அரம் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு மனத்தில் இருந்ததைக் கொட்டினார்.

"என் மகன் சைக்கிள் வாங்கப் போகிறானாம், சாமி. முப்பத்தைந்தாயிரம் ரூபாயாம்! கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்கூடக் கிடையாது. டயரோ என் கட்டைவிரல் அகலம். ஒன்றுமே இல்லாத வண்டிக்கு இவ்வளவு விலையா? தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாள். நீங்கள் கூப்பிட்டுச் சொன்னால் கேட்பான்."

அவருடைய வருத்தம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது அவரோடு பேசப் பேச விளங்கிற்று. அவரிடம் ஒரு பழைய இரும்புச் சைக்கிள் உண்டு. பூட்டுப் பெட்டிகளைக் கேரியரில் கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோனது அதில்தான். பேறுகாலத்தில் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், மகனை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளியில் விட்டதும் அதே வண்டியில்தான். சைக்கிள் என்றால் குடும்பத்தைச் சுமப்பது; ஓட்டுகிறவனை மட்டும் சுமக்கும் சைக்கிள் அவருக்கு அன்பில்லாத பொருளாகத் தோன்றிற்று. உண்மையைச் சொல்கிறேன், முதலில் நானும் அவர் பக்கமே நின்றேன்.

நம் தலைமுறையினருக்குச் சைக்கிள் எத்தகைய செல்வமாக இருந்தது என்பதை இளைஞர் அறியார். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் உபதேசியாருக்கும், தபால்காரருக்கும், பால்காரருக்கும் காலாயின. சொந்த வண்டி இல்லாத சிறுவர்களாகிய நாங்கள், மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, சீட்டுக்குக் கால் எட்டாமல், கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே ஓட்டக் கற்றோம். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள் ஏழையின் அடையாளமாகிக் கொட்டகைக்குள் ஒதுங்கிற்று. இன்று அது வேறோர் உருவில், மெலிந்த உடலும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நம் வீட்டுக் கதவைத் தட்டும் இப்புதிய விருந்தாளியை என்ன செய்வது?

அன்று மாலையே மகனை வரவழைத்தேன். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். நாள் முழுதும் நாற்காலி. போகவர ஆலையின் பேருந்து. தந்தைக்கு இருக்கும் சர்க்கரை நோய் தனக்கும் எல்லையில் வந்து நிற்பதாக மருத்துவர் எச்சரித்தாராம். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது உடல் ஓரளவு உழைக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது தனக்கு எட்டாக் கனியாக இருந்தது என்றான்.

"ஒருநாள் நண்பனுடைய வண்டியில் செம்பட்டிச் சாலையில் போனேன், சாமி. இளைப்பாற நின்று திரும்பிப் பார்த்தால், மலைக்கோட்டை விரல் அளவுக்குத் தெரிந்தது. என் காலாலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டேனா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனம் விட்டுச் சிரித்தேன்."

இந்த மகிழ்ச்சியை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் தந்தையின் கவலையும் நியாயமானதே. ஆகவே அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். வீட்டுக்குக் கொடுக்கும் மாதப் பங்கு குறையுமா? தங்கையின் பெயரில் சேர்த்த பணத்தில் கை வைப்பாயா? தவணைக் கடனில் வாங்குவாயா? மூன்றுக்கும் இல்லை என்றான். அப்படியானால் நான்கு மாதம் பொறுத்து, உன் கைச்செலவில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு வாங்கு என்றேன். பொறுத்தான். இறுதியில் மதுரையில் ஒருவர் பயன்படுத்திய வண்டியைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கி வந்தான்.

இத்தகைய வண்டி வாங்க எண்ணுவோர் வேறு சிலரும் நம் பங்கில் இருக்கின்றனர். அவர்களுக்காக, அத்தம்பியும் அனுபவசாலிகளும் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன். முதலாவது, வண்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அளவைப் பாருங்கள். இரு கால்களையும் தரையில் ஊன்றிக் கம்பியின்மேல் நிற்கையில், கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கி நோகாமல் இருக்கும். பிறருக்குப் பொருந்திய வண்டி நமக்குப் பொருந்தாவிடில், எவ்வளவு மலிவாயினும் அது முதுகுவலியையே விலைக்கு வாங்குவதாகும்.

இரண்டாவது, டயர். பந்தயக்காரர்கள் ஓட்டும் மிக மெல்லிய டயர் நம் ஊர்ச் சாலைகளுக்கு ஏற்றதன்று. 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நுழையும் பிரேமாகப் பார்ப்பது நலம். காற்றின் அளவு டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல வண்டிகளில் வால்வு மெல்லியதாக இருப்பதால் தெருக்கோடிக் கடையின் பம்பு அதில் சேராது. ஆகையால் பொருத்தமான கைப்பம்பு ஒன்றும், மாற்று டியூப் ஒன்றும், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்ட வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பழைய வண்டியாயின் பிரேமின் குழாய்கள் கூடும் இடங்களில் விரிசல் இருக்கிறதா, சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, செயின் தேய்ந்திருக்கிறதா என்று மெக்கானிக் ஒருவரிடம் காட்டியே பணத்தைக் கொடுங்கள். தலைக்கவசத்திற்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்குகளுக்கும் உரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள். பெல் இல்லாத வண்டிக்கு ஒரு பெல் மாட்டினால் அதன் அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

வண்டி வந்துவிட்டது. ஆனால் வண்டியோடு விவேகமும் வந்துவிடுவதில்லை. முதல் வாரத்திலேயே நம் தம்பி, வேகத்தை அளந்து பார்க்கும் ஆவலில், கரூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினான். கடந்து சென்ற ஒரு பேருந்தின் காற்று தள்ள, ஓரத்து மண்ணில் சக்கரம் இறங்கி விழுந்தான். தோளில் சிராய்ப்பு, தலைக்கவசத்தில் ஒரு பிளவு. அக்கவசம் இல்லாதிருந்தால் பிளவு எங்கே விழுந்திருக்கும் என்பதை அந்தத் தாய் என்னிடம் சொல்லவில்லை. உடைந்த கவசத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு அழுதார். அவனுக்குத் தடை சொல்லாமல் விட்டது தவறோ என்று அன்றிரவு நான் உறங்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறிய மனத்தோடு மறுநாள் தாயும் தந்தையும் மகனும் என் முன்னிலையில் அமர்ந்து பேசினார்கள். வண்டியை விற்றுவிடு என்று தாய் சொல்லவில்லை. "போகிற வழியைச் சொல்லிவிட்டுப் போ, சொன்ன நேரத்துக்கு வந்து சேர்" என்ற இரண்டே நிபந்தனைகள்தாம். எத்தனை அறிவார்ந்த சொற்கள்! உடைந்த கவசம் குப்பைக்குச் சென்றது. ஒருமுறை அடி வாங்கிய கவசத்தை மறுபடி நம்பலாகாது. புதிதாக ஒன்று வாங்கினான்.

இப்போது அவனும் நண்பர் மூவரும் போகும் பாதைகள் வேறு. நான்குவழிச் சாலையை விட்டு, சின்னாளபட்டி, ஆத்தூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகளில், கதிரவன் வெயிலாக மாறுமுன் சென்று திரும்புகிறார்கள். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊரின் தெருவோரத் தேநீரும், ஆத்தூர்க் காமராசர் அணையின் கரையும் அவர்களுக்கு இளைப்பாறும் இடங்கள். முதல் மாதம் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. அழுத்தமான கியரில் கால் கடுக்க மிதிப்பதினும், இலேசான கியரில் நிமிடத்திற்கு 80, 90 சுற்றுகளாக மிதிப்பதே முழங்காலைக் காக்கும் என்று கற்றுக்கொண்டார்கள். பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் வேகம் சரி; மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் மிகுதி என்பது அவர்கள் கணக்கு.

நம் சமவெளிக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று ஒட்டன்சத்திரம், பழனிச் சாலைகளில் ஆளையே நிறுத்திவிடும். அக்காலத்தில் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகில் கைவைத்து வீட்டில் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்தவன் படும் பாட்டை அவனே அறிவான். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைச் சாலையோ, கால் பழகி, பிரேக்கின் குணம் அறிந்த பின்னரே ஏறத்தக்கது. ஏறுவது இதயத்தைச் சோதிக்கும். இறங்குவது அறிவைச் சோதிக்கும்.

ஒரு மாலை இளைஞர்களுக்கு ஜீனோ பார்த்தலியின் வரலாற்றைச் சொன்னேன். 1938, 1948 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மாபெரும் சைக்கிள் பந்தயத்தை வென்ற இத்தாலியக் கத்தோலிக்கர் அவர். 1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்து யூதர்களை வேட்டையாடியபோது, புளோரன்ஸ் பேராயர் கர்தினால் தல்லா கோஸ்தாவைச் சேர்ந்தோர் அம்மக்களை இரகசியமாகக் காத்து வந்தனர். பார்த்தலி பயிற்சிக்குப் போகிறவராக வெளியே தோன்றியபடி, பிரேமின் குழாய்க்குள் போலி அடையாளத் தாள்களை மறைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். போருக்குப் பின் அதைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. 2000ஆம் ஆண்டு அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2013இல், எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. அந்த வண்டியிலும் கேரியர் இல்லை என்பதை நண்பர்களே நினைத்துப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலைப் பயணம் பற்றிப் பெற்றோர் சிலர் முறையிட்டனர். அதற்கும் வழி கண்டோம். நீண்ட பயணத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். சைக்கிளோட்டிகளுக்குக் கிசால்லோ மாதாவைப் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் அறிவித்தார் என்று நான் சொன்னதும், "அப்படியானால் மாதாவே எங்களுக்குச் சலுகை கேட்பாரே, சாமி" என்றான் ஒருவன். பூசைக்கு வராமலிருக்கச் சலுகை கேட்கமாட்டார் என்றேன்.

அந்தத் தங்கையும் இப்போது ஓட்டக் கற்கிறாள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுத் தண்ணீருக்கும் வேலைக்கும் தாமே போகத் துணிந்ததை நான் நினைவூட்டியபோது, தாய் மறுப்புச் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை பெரியவரை மறுபடி கண்டேன். சைக்கிளின் விலையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. மகன் அணியும் இறுக்கமான கால்சட்டையையும் மன்னிக்கவில்லை. ஆனால் தம் பழைய இரும்பு வண்டிக்குப் புது டயர் போட்டிருந்தார். மகன் புறப்படும் வேளையில் அவரும் புறப்பட்டு, ஊர் எல்லைவரை கூடப் போய்த் திரும்புகிறாராம். சர்க்கரைக்கு நல்லது என்று மருத்துவரும் சொன்னாராம்.

"ஆத்தூர்ப் பக்கம் என் அக்கா தனியாக இருக்கிறாள், சாமி" என்றார். "அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க நான் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவேன். இப்போது பயல் வாரா வாரம் சட்டையின் முதுகுப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அத்தை கையால் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு வருகிறான்."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதற்குக் கேரியர் தேவைப்படவில்லை" என்றார்.

அடுத்த திங்களில் சந்திப்போம்.