கல்லிலே ஒட்டிய முட்டை

பல்லியொன்று தோள்மீது விழுந்துவிட்டால் உடனே பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களைப் புரட்டும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. வலத்தோளா, இடத்தோளா, விழுந்தது ஆண்மீதா, பெண்மீதா என்றெல்லாம் கணக்குப் பார்த்த பின்னரே பலன் கூறுவார்கள். லிந்துலையில் நமது அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னொருகால் காஞ்சிபுரத்துக்கு யாத்திரை சென்று, வரதராசப் பெருமாள் கோயிலின் விதானத்திலுள்ள பொற்பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வந்தவர். அப்பல்லிகளைத் தொட்டவரைத் தொட்டாலே தோஷம் நீங்குமாம். பல்லி விழப்பெற்றவர்கள் காலையில் அவர் வாசலில் வந்து நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். தேநீர் அருந்தாமல் அவர்களை அவர் அனுப்புவதில்லை. ஆகவே பல்லி விழுந்ததால் நற்பலனும் உண்டென்றே சொல்லவேண்டும்.

உலோகத்தாலான பொற்பல்லியை அறிந்த நம்மவர், உயிருள்ள பொற்பல்லியை அறிந்திருப்பது அரிது. திருப்பதி மலைத்தொடரின் பாறைகளிலே அப்படியொரு பல்லி வாழ்கிறது. தெலுங்கர் அதனைப் ‘பங்காரு பல்லி’ என்பர். பங்காரு என்றால் பொன். இனப்பெருக்க காலத்தில் ஆண்பல்லியின் உடல் பொன்மஞ்சளாக ஒளிவிடும். சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவின் தலைவராயிருந்த பெடோம் என்ற ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டில் அதனை முதன்முதலாக விவரித்தார். பின்னர் நெடுங்காலம் அதனைப்பற்றிய செய்தியே இல்லை. 1986ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியல் முதலியோர் அதனை மீண்டும் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பக்தர் ஏறியிறங்கும் மலைப்பகுதியிலே ஓர் உயிர் நூறாண்டுக்கு மேலாக அறிஞர் கண்ணுக்குத் தப்பியிருந்தது வியப்பே. வேலூரைச் சூழ்ந்த குன்றுகளிலும் ஒடிசாவிலும் அது வாழ்வது பிற்பாடு தெரியவந்தது.

இப்பல்லியின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க இனம் உலகில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நமது இலங்கையில், நமக்கு அண்டை மாகாணமாகிய ஊவாவிலும் அதற்கப்பால் அம்பாறைப் பக்கத்திலும் இருக்கிறது. 1953ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சிங்கள மக்கள் அதனை ‘மகா கல் ஹூனா’, அதாவது பெரிய கற்பல்லி, என்று அழைக்கின்றனர். பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில் அது கடலன்று, கால்நடையாகக் கடக்கக்கூடிய நிலம். இருகரையிலும் ஒரே குடும்பத்துப் பல்லிகள் பாறைகளிலே குடியிருப்பதன் காரணம் அதுவாகவே இருத்தல் கூடும்.

நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நமது குளிர்ப் பிரதேசத்திலே இப்பல்லியைத் தேடிப் பயனில்லை. ஆகவே சென்ற ஆகஸ்டு விடுமுறையில், மொனராகலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றைச் சேர்ந்த நமது மாணவன் ஒருவன் அழைத்தபோது மகிழ்வுடன் புறப்பட்டோம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, வெல்லவாய என்று மூன்று பஸ் மாறி, கம்பளிச் சட்டையை வழியிலேயே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

தோட்டத்து எல்லைக்கு அப்பால், காட்டோரத்தில், யானை படுத்தாற்போன்ற கரும்பாறைகள் இரண்டு. ஒன்றின் கீழ்ப்புறம் குடைந்து முழைபோல் இருந்தது. மாலை ஐந்து மணியளவில் மாணவனும் அவனுடைய பாட்டனாரும் நம்மை அங்கே இட்டுச் சென்றனர். முதலில் கல்லைத்தவிர ஒன்றும் புலப்படவில்லை. சற்றுநேரம் அசையாதிருந்தபின், கல்லின் ஒரு துண்டு இடம்பெயர்வதைக் கண்டோம். வாலை நீக்கிப் பார்த்தால் மூன்றங்குல நீளமிருக்கும். பாறையின் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். தலையைத் தூக்கியபோது மட்டும், மஞ்சளைக் குழைத்துப் பூசியதுபோன்ற தொண்டை தெரிந்தது. அதுவே ஆண். அதற்கப்பால் இன்னொன்று, மேலே மூன்று, வெடிப்பினுள் எத்தனையோ!

தலைகீழாய், வழவழத்த கல்லின் அடிப்புறத்தில், அவை ஓடிய வேகத்தைக் கண்டு வியந்தோம். பல்லியின் விரலில் பசை கிடையாது. இப்பல்லியின் விரல் நுனியில் இரட்டைத் தகடு போன்ற மெத்தைகள் உண்டு. பல்லியின் மெத்தையில் எண்ணிறந்த நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். ‘தொக்கே’ என்னும் பெரிய ஆசியப் பல்லியின் ஓர் அடியில் மட்டும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மயிர்கள் உண்டென்றும், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறதென்றும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் எழுதினர். கல்லின் மூலக்கூறுகளை இக்கிளைகள் அத்துணை நெருங்குவதால், வந்தர்வாலிசு விசை எனப்படும் மெல்லிய கவர்ச்சியே உடலைத் தாங்கப் போதுமாகிறது. நமது உயர்தர மாணவர் இவ்விசையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்துவிடுகின்றனர். அவர்களை ஒருமுறை இந்தப் பாறையடிக்கு அழைத்துவர வேண்டுமென்று எண்ணிக்கொண்டோம்.

ஆயினும் நம் மனத்தை ஈர்த்தவை பல்லிகளைவிட அவற்றின் முட்டைகளே. முழையின் கூரையிலே, மழைச்சாரலும் வெயிலும் எட்டாத ஒரு பகுதியில், சுண்ணாம்புப் பொட்டு இட்டாற்போல வெண்முட்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. அவற்றைச் சூழ, முன்னர்ப் பொரித்துப் போன முட்டைகளின் அடியோடுகள் வெள்ளை வளையங்களாகப் படிந்திருந்தன. எண்பதுவரை எண்ணினோம், பிறகு கழுத்து வலித்தது. தாய்ப்பல்லி இரண்டு முட்டையே இடும். இடும்போது ஓடு மென்மையாக இருக்கும். காற்றுப்பட்டதும் இறுகிக் கல்லோடு கல்லாகிவிடும். பல தாய்மார் ஒரே இடத்தைத் தேர்ந்து, ஆண்டுக்காண்டு அதே இடத்துக்கு வருகின்றனர். ஒருமுறை ஒட்டிய முட்டையைத் தாயாலும் பெயர்க்கவியலாது. நாம் பெயர்க்க முயன்றால் உடைந்துவிடும். குஞ்சு வெளிவரப் பல வாரங்கள் செல்லும். அதுவரையும் அக்கல் அவ்விடத்திலேயே இருந்தாகவேண்டும்.

பாட்டனார் இளமையில் கல்லுடைக்கும் வேலை செய்தவர். தெருக்களுக்கும் பாலங்களுக்கும் அந்தப் பக்கத்துப் பாறைகள் பலவற்றை உடைத்ததாகச் சொன்னார். “அப்போதும் இந்தப் பல்லிகள் இருந்தனவா?” என்று வினவினோம்.

“இருந்துச்சுங்க மாஸ்டர். மருந்து வைக்கிறதுக்கு முன்னே நாங்க தட்டி விரட்டுவோம். பாவம் பாருங்க, பல்லியைக் கொல்லக்கூடாதே. அதுங்க ஓடிரும்” என்றார். சற்று நின்று, “முட்டைதான் ஓடாது” என்றார்.

நாமும் கல்லால் வாழ்பவர்களே. நாம் பிறந்த லயத்தின் சுவரும், இன்று படிப்பிக்கும் வகுப்பறையின் அத்திவாரமும் உடைத்த கல்தான். கல்லே உடைக்கக்கூடாதென்று கூற நமக்கு என்ன உரிமை? ஆனால் வெட்டிய மரத்துக்கு மாற்றாகக் கன்று நடலாம். வெடித்த பாறைக்கு மாற்றாக எதனை நடுவது? இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொற்பல்லியைத் தன் முதலாம் அட்டவணையிலே சேர்த்துக்கொண்டது. பல்லிக்குக் காவல் கிடைத்தாலும் அதன் பாறைக்கும் கிடைத்ததாகாது. உடைப்பதற்கு முன் முழைக்குள் ஒருமுறை விளக்குப் பிடித்துப் பார்ப்பது அத்துணைக் கடினமான காரியமா? முட்டையொட்டிய பாறையை விட்டு அடுத்த பாறைக்குச் செல்லலாமே.

இருட்டத் தொடங்கியதும் திரும்பினோம். வரும்போது கவனியாத ஒன்றை அப்பொழுதுதான் கண்டோம். முழையுள்ள பாறையின் தெருப்பக்கத்தில், ஆளுயரத்தில், சிவப்பு மையால் ஓர் இலக்கம் எழுதப்பட்டிருந்தது. யார் எழுதியது, எதற்கு என்று கேட்டோம். அளக்க வந்தவர்கள் எழுதினார்கள் என்றான் மாணவன். பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து லிந்துலைக்கு வந்தபின் அவனிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. தாத்தா வாரம் ஒருமுறை தடியூன்றிக்கொண்டு அங்கே போய் வருகிறாராம். மழையில் இலக்கம் சற்று மங்கிவிட்டதாம். பாறை இன்னும் இருக்கிறதாம்.