பதிவுப் பெட்டியின் பூட்டு யாருக்காக?

உருத்திரபுரம் போன்ற வயற்கிராமங்களில் டிஷ் அன்ரெனா புதினமல்ல. புதினம், அதோடு இணைந்த பதிவுப் பெட்டியில் பதிந்த நிகழ்ச்சியை அதே வீட்டுக் கணினியில் பார்க்க முடியாதிருப்பதுதான். இத்தனைக்கும் ரவுட்டர் ஒன்றோடு பெட்டியையும் கணினியையும் கேபிளால் இணைத்தால் போதும். இணையம் வேண்டாம், டேட்டாச் செலவும் இல்லை. சாதனங்கள் இப்படித் தமக்குள் பேசிக்கொள்வதற்கான டிஎல்என்ஏ நியமம் 2003இல் தொடங்கிய முயற்சி. ஆக, தடை தொழில்நுட்பத்தில் இல்லை. பல கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பதிவை மறைகுறியாக்கி அந்த ஒரு பெட்டியோடு கட்டிவிடுகின்றன. பெட்டி பழுதானால் பதிவும் போயிற்று. இரவில் ஒளிபரப்பான பாடத்தைப் பிள்ளை விடிய எழுந்து கணினியில் நிறுத்தி நிறுத்திப் படிக்கவும் வழியில்லை.

திறந்துவிட்டால் திருட்டுப் பிரதி பெருகும் என்பார்கள். அச்சம் நியாயமானதே, ஆனால் திருட்டுப் பிரதி இந்தப் பூட்டுகளையும் மீறி இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. மாட்டிக்கொள்பவர் மாதாமாதம் பணம் கட்டும் சந்தாதாரர். வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே பீட்டாமக்ஸ் வீடியோப் பதிவுக் கருவி பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் பதிவைத் திறந்துவிடும்படி இந்நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே அரசு எழுத வேண்டும்.