ஆயிரம் கிரகம் இருந்தும் அலுத்துப் போச்சாம்!

"காலேஜில் படிக்கும் என் பிள்ளை ஒரு வீடியோ கேமுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தான். வாங்கிக் கொடுத்ததும் ஒரு மாசம் ராப்பகலாய் அதிலேயே கிடந்தான். இப்போது தொடுவதே இல்லை. கேட்டால், 'போரடிக்குதும்மா' என்கிறான். மனசில் ஏதாவது கோளாறோ என்று பயமாயிருக்கிறது" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

விளையாடினாலும் கவலை, விளையாடாவிட்டாலும் கவலை! என்ன செய்வது, பெற்ற மனசாச்சே.

அவர் சொல்லும் 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டை என் தங்கை வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பெதஸ்டா கம்பெனியார் 2018-ல் அறிவித்து, 2023 செப்டம்பரில் வெளியிட்டது. (சின்னக் குழந்தைகளுக்கு இல்லை, 17 வயதுக்கு மேல் என்றே அங்கே முத்திரை.) விண்வெளிக் கப்பலில் ஏறி நூற்றுக்கும் அதிகமான நட்சத்திர மண்டலங்களைச் சுற்றலாம். கிரகமும் நிலாவுமாக ஆயிரத்துக்கு மேல்! கப்பலைக் கூட நாமே பாகம் பாகமாய்க் கோத்துக் கட்டலாம். தங்கை பிள்ளை அதற்கே ஒரு சாயங்காலம் பூராவும் செலவழித்தான்.

அப்புறம் ஏன் அலுக்கிறது? ஆயிரம் கிரகத்தையும் மனுஷர் கையால் செய்ய முடியுமா? தரையையும் மலையையும் கம்ப்யூட்டரே உண்டாக்குகிறது. பாழடைந்த ஆய்வுக்கூடம், சுரங்கம் மாதிரியான இடங்கள் மட்டும் முன்கூட்டியே செய்து வைத்தவை. அவற்றையே அங்கங்கே இறக்கி வைக்கிறது. எங்கேயோ ஒரு புதுக் கிரகத்தில் இறங்கிக் கதவைத் திறந்தால், போன வாரம் பார்த்த அதே அறை, அதே மேஜை! புது ஊருக்குக் குடிபோய், உள்ளே நுழைந்தால் பழைய வீட்டு அடுக்களையே இருந்தால் எப்படி? வழியில் பறந்து போகும் சுகமும் குறைச்சல். வரைபடத்தில் ஊரைத் தொட்டால், திரை இருண்டு, அங்கே நிற்கிறோம். கதை முடிவில் வேறொரு பிரபஞ்சத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்கலாமாம். ஆனால் கட்டிய கப்பலும் சேர்த்த சாமானும் கூட வராது. சிலருக்கு அது பிடிக்கிறது, சிலர் அத்தோடு எழுந்து விடுகிறார்கள். 2024-ல் தரையில் ஓட்ட ஒரு வண்டியும், புதுக் கதைப் பகுதியும் சேர்த்தார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஆகவே அம்மா, அலுப்புக்குக் காரணம் விளையாட்டிலேயே இருக்கிறது. என் பரண்மேல் பாதி பின்னிய வயர்க் கூடை பத்து வருஷமாய்க் கிடக்கிறது, என்னை யார் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்?

நீங்கள் பார்க்க வேண்டியது வேறே. இந்த ஒன்று மட்டும்தான் பிடிக்கவில்லையா, எதுவுமே பிடிக்கவில்லையா? சாப்பாடு, சிநேகிதர்கள், படிப்பு எல்லாவற்றிலும் பற்று விட்டுப்போய், தூக்கம் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று பேசி, இது அநேகமாக தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தயங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே, தனியே விடாமல் கூட்டிப் போங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், "சாயங்காலமானால் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பி விடுகிறான், வந்ததும் வத்தக்குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சண்டை" என்று எழுதியிருக்கிறீர்களே! பிள்ளை சௌக்கியமாய்த்தான் இருக்கிறான். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே" என்று மட்டும் சொல்லிக் காட்டாதீர்கள், அதற்காகவே பிடிக்காததை உட்கார்ந்து ஆடுவான்.

மெஷினை விற்று விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனைக் கேட்காமல் வேண்டாம். அவன் கட்டிய கப்பல் அதற்குள்தானே இருக்கிறது!