சலுகையாம் சலுகை!

இடஒதுக்கீட்டை எவனாவது 'சலுகை' என்றால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. சலுகை இல்லை, உரிமை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். சரிதான். அதே நாம், 'எங்க கம்பெனியில இ.எஸ்.ஐ., பி.எஃப். சலுகையெல்லாம் உண்டு' என்று ஒருவன் சொல்லும்போது தலையாட்டுகிறோமே, அது எப்படி? களத்துமேட்டில் அளந்துபோட்ட நெல்லையும் இப்படித்தான் ஆண்டையின் தர்மம் என்றார்கள். விடிந்ததிலிருந்து பாடுபட்டவனின் கூலி அது என்று ஆண்டை ஒருநாளும் சொன்னதில்லை.

தர்மமா இது? கணக்கைப் பாருங்கள். 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கட்டுவது கூலியில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணிடம் 90 ரூபாய் பிடிக்க வேண்டும். முதலாளி தன் கையிலிருந்து 390 ரூபாய் போட வேண்டும். அந்த 390-உம் அவள் உழைப்பில் விளைந்ததுதான். கையில் தராமல் நோய்க்கும் பிரசவத்துக்கும் ஒதுக்கி வைத்த கூலி அது. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு.

எங்கள் ஊரில் குப்பை அள்ளும் பெண்களின் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்ப்பதை நான் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். ஒரு சீட்டில் 90-உம் 390-உம் இரண்டுமே அந்த அக்காவின் கூலியில் பிடிக்கப்பட்டிருந்தன. காண்டிராக்டரின் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "மொத்தமா இவ்வளவுதான்னு பேசித்தானே சேந்தாங்க?" என்றான். முதலாளி பங்கைத் தொழிலாளி கூலியில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அது அவனுக்கும் தெரியும். இன்னொரு அக்கா சொன்னது: "தம்பி, அட்டை குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா நம்பருக்குப் பணமே கட்டலங்கிறாங்க." விடியற்காலையில் பெருக்கும்போது வண்டி இடித்துக் கால் முறிந்தவளை, "வீட்ல விழுந்தேன்னு சொல்லு, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பியிருக்கிறார்கள். விபத்து அறிக்கை போனால்தானே ஊன உதவி கேட்பாள்!

கேட்டால் நகராட்சி காண்டிராக்டரைக் காட்டுகிறது. காண்டிராக்டர், பில் பாஸாகவில்லை என்று நகராட்சியைக் காட்டுகிறான். ஆனால் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது: காண்டிராக்டர் வைத்த ஆளுக்கும் முதலில் பணம் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளிதான், கட்டிவிட்டு அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2025 நவம்பர் 21-இல் அந்தச் சட்டம் போய்ச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் இந்தப் பொறுப்பு நீங்கவில்லை.

குப்பையைத் தனியாருக்கு விட்டார்கள். நிரந்தர வேலை போனது, ஓய்வூதியம் போனது. துடைப்பம் மட்டும் அதே சேரியின் கையில் இருக்கிறது! முதலாளி மாறினான், சாதி மாறவில்லை. இதைப் பார்க்காமல் 'வர்க்கம்' பேசும் தொழிற்சங்கத் தோழர்களுக்கு அருந்ததியர் தெரு எந்தத் திசை என்றாவது தெரியுமா?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். எங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்பதுதான் கோரிக்கை. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே காலை உணவு, காப்பீடு என்று அரசு அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது சலுகை!

சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணத்துக்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிற உடம்புக்கு யார் கணக்குக் கேட்பது?

'பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பொருளாதாரவாதம், நமக்குச் சுயமரியாதைதான் முக்கியம்' என்று நம் பக்கத்திலேயே சிலர் சொல்கிறார்கள். அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினாரே, அது சுயமரியாதை இல்லையா? 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறையை வைத்திருந்த காலத்தில்தான், 1944-இல், பேராசிரியர் அடார்க்கர் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அறிக்கையைக் கொடுத்தார். இ.எஸ்.ஐ. பிறந்தது அங்கிருந்துதான். காய்ச்சலில் படுத்தவள் மேஸ்திரியிடம் கெஞ்சாமல் தன் பணத்தில் மருந்து வாங்குவதைவிடப் பெரிய சுயமரியாதை எது?

மாணவத் தோழர்களே, படித்த படிப்பைச் சேரிக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு அக்காவின் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். பிடித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் பி.எஃப். அலுவலகத்திலும் எழுதிக் கேளுங்கள். கட்டவில்லையென்றால் காண்டிராக்டரைத் தேடி அலைய வேண்டாம், நகராட்சி வாசலில் உட்காருங்கள். திருடிய கூலியைத் திருப்பிக் கொடு என்பதே நம் கோஷமாக இருக்கட்டும்.